நாலும் பெட்டை

அந்த அடுக்குமாடியில் பிரிப்பக்கா என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால், அப்படி இங்கே யாரும் இல்லையே என்று உதட்டைப் பிதுக்குவார்கள். குடும்பத்தைப் பிரிக்கிறவள் போலிருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். அதற்கு நயமாகப் பேசத் தெரிய வேண்டும். எதையும் மூஞ்சிக்கு நேரே போட்டு உடைக்கிறவளுக்கு அந்தச் சாமர்த்தியம் ஏது? அவளுக்குக் குஞ்சு பொரிப்பகத்தில் வேலை. பொரித்து ஒரு நாள் ஆன கோழிக்குஞ்சுகளை ஆண் வேறு, பெண் வேறாகப் பிரிப்பது. பத்தொன்பது வருஷமாக அதே மேஜை, அதே ஸ்டூல், தலைக்கு மேலே அதே விளக்கு.

வேலை பார்க்க சின்னதுதான். குஞ்சை இடது கையில் எடுக்க வேண்டும். வலது கை கட்டைவிரலால் இறக்கையை விரிக்க வேண்டும். ஓரத்தில் இரண்டு வரிசையாக முளை இறகு இருக்கும். கீழ்வரிசை நீளமாக இருந்தால் பெட்டை, இரண்டும் ஒரே அளவாக இருந்தால் சேவல். நீங்களும் நானும் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாலும் ஒன்றும் புரியாது. அவள் மூச்சை உள்ளே இழுத்து வெளியே விடுவதற்குள் இரண்டு குஞ்சு பார்த்து முடித்திருப்பாள். பெட்டை இடது பக்கப் பெட்டிக்குப் போகும். சேவல் வலது பக்கச் சரிவில் போகும். அந்தச் சரிவு ஒரு பிளாஸ்டிக் திரைக்குப் பின்னால் போய் முடிகிறது. முட்டைக்காக வளர்க்கிற ஜாதி அது. முட்டை போடாத ஜீவனுக்குத் தீனி போட எந்தப் பண்ணைக்காரனுக்கும் மனசு வராது. திரைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். பத்தொன்பது வருஷத்தில் ஒருத்தரும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை, அவளும்தான்.

அவள் கை தப்பாது என்பது பொரிப்பகத்தில் ஊரறிந்த விஷயம். அந்தப் பெருமை மெல்ல மெல்ல வீட்டுக்கும் வந்து சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டது. பால் பொங்கி வழிந்தால் அடுப்பு சரியில்லை. பஸ்ஸைத் தவறவிட்டால் பஸ் சீக்கிரம் வந்துவிட்டது. லிஃப்ட் மெக்கானிக்கான அவள் புருஷன், மேலேயும் கீழேயும் போய்வந்து எதையும் நிதானமாக எடுத்துக்கொள்ளப் பழகியவர். "அது கொக்கரக்கோன்னு கூவினாலும் சரி, இவ பெட்டைன்னு சொல்லிட்டா பெட்டைதான்" என்று சிரிப்பார். அவர் விளையாட்டாகச் சொன்னது என்றைக்காவது அப்படியே நடந்து தொலைக்கும் என்று அவருக்கு என்ன தெரியும்?

அந்த வீட்டில் மூன்றாவதாக ஓர் ஆள் உண்டு, அவருடைய தங்கை. பிரிப்பக்காவுக்கு நாத்தனார். மூன்று வருஷத்துக்கு முன்னால், கட்டிக்கொண்டவனோடு இனி ஒரு நாளும் முடியாது என்று ஒரு தையல் மெஷினை மட்டும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாள். கதவைத் திறந்த பிரிப்பக்கா முதலில் கேட்ட கேள்வி, "எத்தனை நாளைக்கு?" கேட்டிருக்கக் கூடாது. கேட்ட மறு நிமிஷமே அது அவளுக்கும் தெரியும். ஆனால் தப்பு என்று சொல்லித்தான் அவளுக்குப் பழக்கமில்லையே. அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒரே சமையலறையில் புழங்கினார்கள், உப்பு எங்கே, துணி காய்ந்ததா என்பதற்கு மேல் பேச்சு கிடையாது.

இப்படியிருக்கும்போது ஒரு நாள், வேறு ஊருக்கு மாறிப் போகிற வாடிக்கைக்காரி ஒருத்தி நாத்தனாரிடம் ஒரு செருப்புப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனாள். உள்ளே நாலு கோழிக்குஞ்சு, பொரித்து இரண்டு நாள் ஆனவை. நாத்தனார் அவற்றை மொட்டை மாடியில் வளர்க்கலாம் என்று நினைத்தாள். அந்தக் கட்டடத்தில் நினைத்தால் போதுமா? மோட்டார் சார் சம்மதிக்க வேண்டாமா?

மோட்டார் சார் என்பது குடியிருப்போர் சங்கச் செயலாளர். தண்ணீர் மோட்டாரின் சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிகிற மனுஷர். விடியற்காலை ஐந்து மணிக்கு அவர் அதைப் போட்டால் ஐந்து மாடியும் பல் கிட்டித்து நடுங்கும். அவர் கோழி கூடாது என்று சொல்லவில்லை. கோழி வைத்துக்கொள்ளலாம், சேவல் கூடாது, சேவல் கூவினால் ஜனங்கள் தூக்கம் கெடும் என்று ஒரு விதி போட்டார். ஜனங்கள் தூக்கத்தைப் பற்றி யார் கவலைப்படுகிறார் பாருங்கள். நம் கட்டடத்திலேயே இதற்கென்று ஒரு நிபுணர் இருக்கும்போது என்ன கவலை, அவர் பார்த்து எழுதிக் கொடுக்கட்டும் என்றார்.

நிபுணர் என்ற சொல் பிரிப்பக்காவின் காதில் தேனாக விழுந்தது. செருப்புப் பெட்டியைத் திறந்தாள். ஒவ்வொன்றாக எடுத்து இறக்கையை விரித்தாள். நாலுக்கும் கீழ்வரிசை நீளமாக இருந்தது. சங்கத்துத் தாளில் பெரிய எழுத்தில் "நாலும் பெட்டை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நாலும் ஒன்றுபோலப் பெட்டையாக வருவது அபூர்வம் ஆயிற்றே என்று ஒரு நொடி தோன்றத்தான் செய்தது. ஆனால் கண் பார்த்தது பார்த்ததுதானே?

குஞ்சுகள் வளர்ந்தன. மூன்று மொட்டை மாடியோடு நின்றன. நாலாவது மட்டும் படியிறங்கி வந்து தையல் மெஷினுக்கு அடியில் உட்காரும். நூல் சுற்றிய பாபினைக் கண்டால் அதற்கு உயிர். கொத்தி உருட்டிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் ஓடிவிடும். அதனால் அதற்குப் பாபின் என்றே பெயராகிவிட்டது. மூன்று வருஷமாக அந்த அறையிலிருந்து மெஷின் சத்தம் தவிர வேறு சத்தம் கேட்டதில்லை. இப்போது, ஏய் குடுத்துரு, போகாதே, வா இங்கே என்று பேச்சுக் குரல் கேட்க ஆரம்பித்தது. அண்ணன்காரர் சுவரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, சத்தமில்லாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஏழாவது வாரம் நாத்தனார் தயங்கித் தயங்கி வந்து, பாபின் கொண்டை மட்டும் சிவக்கிறதே, கால் தடிக்கிறதே என்றாள். பிரிப்பக்கா சீறி விழுந்தாள். லட்சக்கணக்கில் பார்த்த கையா, நாலு குஞ்சு வளர்த்த கையா, யாருக்குத் தெரியும் என்று கேட்டாள். நாத்தனார் மெஷினுக்குத் திரும்பிப் போய்விட்டாள். போன பிறகுதான் பிரிப்பக்கா யோசித்துப் பார்த்தாள். விஷயம் என்னவென்றால், அவள் லட்சக்கணக்கில் பார்த்ததெல்லாம் ஒரு நாள் குஞ்சு. இரண்டாவது நாள் குஞ்சு எப்படி இருக்கும் என்றுகூட அவள் உட்கார்ந்து பார்த்தது கிடையாது. ஏழு வாரக் கோழியை வாழ்க்கையிலேயே இப்போதுதான் பக்கத்தில் பார்க்கிறாள். கோழியைப் பற்றி அவளைவிட அந்தத் தையல்காரிக்கு அதிகம் தெரியும். அதுதான் சுருக்கென்று தைத்தது.

மறுநாள் பொரிப்பகத்தில், குஞ்சுகளுக்குத் தடுப்பூசி போடுகிறவரிடம் யாருக்கோ கேட்பது போலக் கேட்டாள். அவர் வீட்டில் கோழி வளர்ப்பவர். ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அக்கா, இந்த இறக்கை பார்க்கிறதெல்லாம் நம்ம ஜாதிக்கு மட்டும்தான். அதுக்குன்னு ஜோடி சேர்த்து எடுத்த குஞ்சு இது. வீட்டுக் கோழியில பெரும்பாலும் எல்லாக் குஞ்சுக்கும் கீழ்வரிசை நீளமாத்தான் இருக்கும். ஆணும் அப்படித்தான், பொண்ணும் அப்படித்தான். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். சேர்ந்த முதல் வாரம் சொல்லிக் கொடுத்தார்கள். வேறு ஜாதிக் குஞ்சு ஒன்றுகூட கைக்கு வராத பத்தொன்பது வருஷத்தில் அது எங்கே போய் விழுந்ததோ. பஸ்ஸில் வரும்போது அவளுக்கு எல்லோர் மீதும் கோபம் வந்தது. காலை நீட்டி உட்கார்ந்தவன் மீது, ஜன்னலைச் சாத்தியவள் மீது, சிரித்த ஊசிக்காரர் மீது, முட்டையிலிருந்து வெளியே வந்த பாபின் மீது. தன் மீது வந்த கோபத்தைத்தான் எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. ஐந்து வாரம் வாயைத் தைத்துக்கொண்டாள். தினமும் பாபினைப் பார்த்து, நீ கூவித் தொலைக்காதே என்று மட்டும் மனசுக்குள் மிரட்டினாள்.

பாபின் யார் மிரட்டலைக் கேட்டது? பன்னிரண்டாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை காலை, மோட்டார் நின்ற கையோடு மொட்டை மாடியிலிருந்து ஒரு கூவல். முதல் கூவல் என்பதால் பாதியில் உடைந்து, தொண்டை கட்டினவன் பாடின மாதிரி இருந்தது. ஆனால் அது என்ன என்பதில் ஐந்து மாடியிலும் ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மொட்டை மாடியில் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நாத்தனார் தண்ணீர்த் தொட்டி ஓரமாகப் பாபினை இடுப்பில் அணைத்துக்கொண்டு நின்றாள். மோட்டார் சார் அந்தத் தாளை எடுத்து, நாலும் பெட்டை என்று வாசித்தார். இப்போது தன்னைக் கிழிக்கப் போகிறார் என்று பிரிப்பக்கா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். மனுஷர் அவளைக் கிழிக்கவில்லை. ரொம்ப மரியாதையாக, பிரிப்பக்காவின் கண் தப்பாது என்பது நமக்கெல்லாம் தெரியும் என்று ஆரம்பித்தார். அப்படியானால் நடந்தது ஒன்றுதான், அவர் பார்த்துச் சொன்ன குஞ்சைப் பிறகு யாரோ மாற்றி வைத்திருக்கிறார்கள் என்றார். மாற்றியது உண்மையானால் அது சங்கத்தை ஏமாற்றிய வேலை, நாலு கோழியுமே வெளியேற வேண்டும் என்றார். நீங்களே சொல்லுங்கள் என்று அவள் பக்கம் திரும்பினார்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: அவள் வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். நிபுணர் நிபுணராகவே இருப்பார். பழி போகிற இடம் நாத்தனார், அவள்தான் எதற்கும் பதில் பேசாதவளாயிற்றே. அவள் அப்போதும் நான் மாற்றவில்லை என்றுகூடச் சொல்லவில்லை. பாபினின் கண்ணை வெயில் படாமல் கையால் மறைத்துக்கொண்டு நின்றாள். அண்ணன்காரர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து பெண்டாட்டியைப் பார்த்தார்.

பிரிப்பக்கா தயங்கியதை மோட்டார் சார் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். "விடுங்க, கட்டினவனையே விட்டுட்டு வந்தவங்க. இதெல்லாம் அவங்களுக்கு ஒரு விஷயமா?" என்றார்.

அவ்வளவுதான். அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"யாரும் எதையும் மாத்தல. நான்தான் தப்பாச் சொன்னேன். பார்க்கத் தெரியாம பார்த்தேன், தெரிஞ்ச பிறகும் அஞ்சு வாரமா சொல்லாம மறைச்சேன். எழுதிக்கிறீங்களா? பெரிய எழுத்துல எழுதிக்கோங்க. அவ எவனை விட்டுட்டு வந்தா உங்களுக்கு என்ன? அவன்கூட நீங்க ஒரு நாள் இருந்து பாருங்களேன்."

 கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அந்த வாயிலிருந்து தப்பு என்ற சொல் வந்து கேட்டறியாத லிஃப்ட் மெக்கானிக், பாதி எழுந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

மோட்டார் சாருக்கு முகம் செத்துவிட்டது. ஆனாலும் விதி விதிதானாம். மூன்று பெட்டையும் இருக்கலாம், சேவல் இன்றைக்கே போக வேண்டும். கறிக்கடைக்காரர் கீழே வாசலில் நிற்கிறார் என்றார். எட்டிப் பார்த்தால் நிஜமாகவே ஒருவர் சாக்குப் பையோடு நின்றார். கூட்டம் நடத்துவதற்கு முன்பே ஆளை வரச்சொல்லியிருக்கிறார் புண்ணியவான். சேவல் கூடாது என்று விதி இருக்கிறது, கறிக்கடைக்குத்தான் போக வேண்டும் என்று எந்த விதியில் இருக்கிறது என்று பிரிப்பக்கா கேட்டாள். நாலாவது மாடி நர்ஸ், தன்னை எழுப்புவது சேவல் இல்லை, மோட்டார்தான் என்று முதல் முறையாக வாயைத் திறந்தாள். ஒரு வாரம் தவணை கிடைத்தது. கறிக்கடைக்காரர், ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தை விட்டுவிட்டு வந்தேன் என்று திட்டிக்கொண்டே போனார்.

வீட்டுக்குள் வந்ததும் மிச்சமிருந்த கோபம் நாத்தனார் மேல் பாய்ந்தது. வாயில் என்ன கொழுக்கட்டையா, அந்த ஆள் அப்படிப் பேசும்போது நான் தப்பாச் சொன்னேன்னு என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாமே, எதுக்கு மரம் மாதிரி நின்றாய் என்று கத்தினாள். நாத்தனார் பாபினைக் கீழே இறக்கிவிட்டாள். அது நேரே மெஷினுக்கு அடியில் போய்விட்டது.

"எதுக்கு அண்ணி காட்டிக் கொடுக்கணும்? நீங்க அன்னைக்கே சரியாச் சொல்லியிருந்தா இது அன்னைக்கே போயிருக்கும். நீங்க தப்பாச் சொன்னதாலதான் மூணு மாசம் இருந்துச்சு."

குத்திக்காட்டச் சொல்லவில்லை. நன்றியாகத்தான் சொன்னாள்.  பிரிப்பக்கா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கழுவின பாத்திரங்களையே மறுபடி கழுவினாள்.

அந்த ஒரு வாரம் வேலை விட்டு வந்ததும் இரண்டு பேருமாகக் கிளம்புவார்கள். மூடி போட்ட கூடையில் பாபின். முற்றம் இருக்கிற வீடு, தோட்டம் இருக்கிற வீடு, நாய் இல்லாத வீடு என்று தெருத் தெருவாக ஏறி இறங்கினார்கள். கோழி ஒன்று இருக்கிறது, வளர்க்கிறீர்களா என்று கேட்டால் முகம் மலரும். அடுத்த கேள்வி எல்லா வாசலிலும் ஒன்றேதான்: பெட்டையா, சேவலா? சேவல் என்றதும் மலர்ந்த முகம் சுருங்கும், கதவு சாத்திக்கொள்ளும். சிலர் கறிக்கென்றால் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள், அவர்களுக்குப் பிரிப்பக்கா கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது. கேட்கிறவர்கள் மேல் கோபம் வந்தது. அதே கேள்வியை ஒரு மூச்சுக்கு இரண்டு தரம் கேட்டுச் சம்பளம் வாங்குகிறவள் தான்தானே என்று நினைக்க, அது இன்னும் கூடியது.

ஐந்தாவது நாள், பஸ் டிப்போவுக்குப் பின்னால், பெரிய முற்றம் வைத்த ஒரு சலவைக்கடை. நரைத்த தலைமுடியைத் தூக்கி முடிந்த அம்மாள் ஒருத்தி கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தாள். கோழி என்றதும் அவளும் தலையைத் தூக்காமல் அதையே கேட்டாள்.

பிரிப்பக்காவுக்குப் பொறுமை அறுந்தது. "அதைத் தவிர கேக்க உங்களுக்கு வேற ஒண்ணுமே தோணாதா? என்ன சாப்பிடும், கொத்துமா கொத்தாதா, எங்க தூங்கும்? இதுல ஒண்ணு கேளுங்களேன்."

சலவைக்கார அம்மாள் போர்வையைக் கீழே வைத்தாள். கோபித்துக்கொள்ளவில்லை. "சரி. எங்க தூங்கும்?" என்றாள்.

பிரிப்பக்கா வாயைத் திறந்தாள். பதில் தெரியவில்லை. ஒரே வீட்டில் மூன்று மாதம் இருந்த ஜீவன் எங்கே தூங்கும் என்று அவள் பார்த்ததில்லை. நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தாள்.

"மெஷின் ஓடுற சத்தம் கேட்டா அதுக்குப் பக்கத்துலயே தூங்கிடும்" என்றாள் நாத்தனார். "சத்தம் நின்னா முழிச்சுக்கும்."

"இங்க காலையில போட்டா சாயங்காலம் வரைக்கும் ஓடும், மூணு மெஷின்" என்றாள் அந்த அம்மாள். கதவைத் திறந்தாள். கூடை மூடியைத் தூக்கினாள், சிவந்த கொண்டை வெளியே நீண்டது. பார்த்தாள், கூடையை உள்ளே வாங்கிக்கொண்டாள். வாரம் ஒரு தரம் வந்து பார்த்துக்கொள்ளலாமா என்று நாத்தனார் கேட்டதற்கு, தைக்க வேண்டிய போர்வையே மலையாகக் கிடக்கிறது, நூலையும் கொண்டு வா என்றாள்.

திரும்பி வரும்போது நாத்தனார் காலிக் கூடையைக் கட்டிக்கொண்டு அழுதாள், நடுவில் சிரிக்கவும் செய்தாள். பிரிப்பக்கா பஸ் நிறுத்தத்தில் இடம் விடாமல் உட்கார்ந்திருந்த ஒருவனைத் திட்டி அவளை உட்கார வைத்தாள். நாளைக்குக் காலை எட்டு மணிக்கு மேஜை. விளக்கு எரியும், குஞ்சுகள் வரும், அத்தனையும் அவளுக்குப் பழகிய அந்த ஒரே ஜாதி. இடது கை எடுக்கும், கட்டைவிரல் இறக்கையை விரிக்கும், சேவல் திரைக்குப் பின்னால் போகும். அவள் கை ஒன்றில்கூடத் தப்பாது. அதை நினைக்க நினைக்க அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.